வேட்டை முடிந்த பிறகுதான் வழக்கு

ராஜீவ் காந்தி கொலை வழக்கின் புலன்விசாரணையை ஏழு பகுதிகளில் சொல்லும் ‘தி ஹன்ட்’ தொடர், 2025 ஜூலை 4 அன்று சோனி லிவ் தளத்தில் வெளியானது. இயக்கியவர் நாகேஷ் குக்குனூர். மூலம், அந்தக் காலத்தில் ‘இந்தியா டுடே’ இதழுக்காக வழக்கைத் தொடர்ந்து எழுதிய அனிருத்ய மித்ரா 2022-ல் வெளியிட்ட ‘நைன்ட்டி டேஸ்’ என்ற நூல். நடந்த குற்றத்தை நாடகமாக்கும் தொடர்கள் இந்தியில் பெருகிவிட்டன. தமிழ் மண்ணில் நடந்து, தமிழக அரசியலையே புரட்டிப்போட்ட ஒரு கொலை இப்போது அந்த வரிசையில் சேர்ந்திருக்கிறது. நிறை எது, குறை எது என்று இரண்டு பட்டியல் போட்டு, கடைசியில் மதிப்பெண் கொடுத்து முடிப்பது எளிது. இந்தத் தொடருக்கு அது சரிவராது. இதன் பெரிய பலமும் பெரிய பலவீனமும் ஒரே தீர்மானத்திலிருந்து பிறந்தவை. குண்டு வெடித்த 1991 மே 21-ல் தொடங்கி, முக்கியக் குற்றவாளி சிவராசன் பெங்களூரு கோணனகுண்டேயில் பிணமாகக் கிடந்த ஆகஸ்ட் 20-ல் கதையை முடித்துக்கொள்வது என்ற தீர்மானம் அது. அந்த மூன்று மாதங்களுக்குள் நின்றதால்தான் தொடர் இவ்வளவு இறுக்கமாக இருக்கிறது. அங்கேயே நின்றுவிட்டதால்தான் அது சொல்லும் உண்மை ஒரு தரப்பின் உண்மையாகச் சுருங்கிவிடுகிறது.

வழக்கை மறந்தவர்களுக்கும், அப்போது பிறந்திராதவர்களுக்கும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மக்களவைத் தேர்தல் பிரசாரத்துக்காக ஸ்ரீபெரும்புதூர் வந்த முன்னாள் பிரதமர் ராஜீவ் காந்தி, இரவு பத்து மணி கடந்தபின் மேடையை நோக்கி நடந்துகொண்டிருந்தபோது, தணு என்ற பெண் தன் இடுப்பில் கட்டியிருந்த குண்டை வெடிக்கச் செய்தார். ராஜீவும், பணியிலிருந்த ஒன்பது காவலர்கள் உட்படப் பலரும் செத்துப்போனார்கள். மூன்று நாட்களில் வழக்கு மத்திய புலனாய்வுத் துறையின் சிறப்புக் குழுவிடம் போனது. அதன் தலைவராக டி.ஆர். கார்த்திகேயன் நியமிக்கப்பட்டார். விடுதலைப் புலிகளின் ஒன்பது பேர் கொண்ட குழு மே 1 அன்று படகில் கோடியக்கரையில் வந்திறங்கியது, மே 7 அன்று சென்னை நந்தனத்தில் வி.பி. சிங் பேசிய கூட்டத்தில் ஒத்திகை பார்த்தது ஆகியவையெல்லாம் பின்னால் தெரியவந்தவை. விசாரணை தொடங்கிய நாளில் கையில் இருந்தது, வெடிப்பில் இறந்துபோன ஹரிபாபு என்ற இளம் புகைப்படக்காரரின் உடல்மேல் கிடந்த கேமராவும் அதற்குள் இருந்த பத்துப் படங்களும்தான்.

அந்தப் பத்துப் படங்களை வைத்துக்கொண்டு விசாரணை எப்படி நகர்ந்தது என்பதுதான் இந்த வழக்கின் வியப்பு. ஒரு படத்தில் கையில் சந்தன மாலையோடு ஒரு பெண் நிற்கிறாள். இன்னொன்றில் வெள்ளைக் குர்தா பைஜாமா அணிந்து, பத்திரிகையாளர்போலக் குறிப்பேடு வைத்திருக்கும் ஓர் ஆள். அவர் யாரென்று கட்சிக்காரர்களுக்கும் தெரியவில்லை, வந்திருந்த நிருபர்களுக்கும் தெரியவில்லை. தமிழ்நாடு தடயவியல் ஆய்வகத்தின் தலைவர் பேராசிரியர் பி. சந்திரசேகரன், சிதறிய உடல்களின் காயங்களையும் துணிக் கிழிசல்களையும் பார்த்து, குண்டு மேடையிலோ பூக்கூடையிலோ இல்லை, ஒரு பெண்ணின் இடுப்பில்தான் இருந்தது என்று நிறுவினார். கைப்பேசி கிடையாது, கண்காணிப்புக் கேமரா கிடையாது. ஓர் ஆளைத் தேடுவதென்றால் விடுதிப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும், வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும், கடிதங்களைப் படிக்க வேண்டும். புலன்விசாரணை என்பது பெரும்பாலும் கால்தேய நடப்பதும் காகிதம் புரட்டுவதும்தான் என்பதைத் தொடர் நம்புகிறது. அந்தப் பொறுமையே அதைப் பரபரப்பாகவும் ஆக்கியிருக்கிறது. யார் கொன்றார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த பார்வையாளரையும் அடுத்த பகுதிக்கு இழுப்பது சின்ன விஷயம் இல்லை.

நாயகன் இல்லாதது அடுத்த பலம். நம் படங்களில் காவல்துறை அதிகாரி என்றால் மீசையை முறுக்கிக்கொண்டு, தனியாளாக நியாயம் வழங்குபவர். இங்கே அமித் சியால் நடித்திருக்கும் கார்த்திகேயன், கூட்டத்தில் உட்கார்ந்து மற்றவர் சொல்வதைக் கேட்கும் ஆள். தலைமைப் புலனாய்வு அதிகாரி கே. ரகோத்தமனாக வரும் பகவதி பெருமாளிடம் அரசு அலுவலகத்தில் நாம் அன்றாடம் பார்க்கும் மனிதரின் சாயல் இருக்கிறது. சிவராசனாக நடித்த ஷஃபீக் முஸ்தபா குரலை உயர்த்தி மிரட்டுவதில்லை. அந்த அமைதிதான் பயமுறுத்துகிறது. பாத்திரங்கள் இந்தி, ஆங்கிலம், தமிழ் என்று இடத்துக்கேற்ப மாறிப் பேசுவது, சென்னை மல்லிகை மாளிகையில் பல மாநில அதிகாரிகள் கூடி வேலை செய்த ஓர் அலுவலகத்தின் இயல்புக்குப் பொருந்துகிறது. முக்கியமாக, விசாரணைக் குழுவை வெற்றி வீரர்களாகக் காட்டும் ஆசைக்குத் தொடர் இடம் கொடுக்கவில்லை. கோணனகுண்டே வீட்டைச் சுற்றி வளைத்த பிறகும் மேலிடத்து உத்தரவுக்காகக் கமாண்டோ படை ஏறக்குறைய ஒன்றரை நாள் காத்துக் கிடந்தது. உள்ளே போனபோது சிவராசன், அவருடைய கூட்டாளி சுபா உட்பட ஏழு பேரும் இறந்துவிட்டிருந்தார்கள். உயிரோடு பிடிக்க வேண்டிய முக்கியக் குற்றவாளியை இழந்த அந்தத் தாமதம் ஏன் என்ற கேள்வியைத் தொடர் மழுப்பாமல் எழுப்புகிறது.

இப்படி ஒரு கதையை எடுக்கவும் காட்டவும் முடிந்திருப்பதையே ஒரு நிறையாகச் சொல்லலாம். ஆர்.கே. செல்வமணி கொலை நடந்த கொஞ்ச காலத்திலேயே எடுத்த ‘குற்றப்பத்திரிகை’ தணிக்கையிலும் நீதிமன்றத்திலும் அலைக்கழிந்து, 2007-ல்தான் திரைக்கு வந்தது. அதே நிகழ்வைத் தொட்ட ‘மெட்ராஸ் கஃபே’ 2013-ல் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் ஓடவே இல்லை. கன்னடத்தில் ஏ.எம்.ஆர். ரமேஷ் எடுத்த ‘சயனைட்’, கமாண்டோ நடவடிக்கையில் பங்கேற்ற மேஜர் ரவியே மலையாளத்தில் இயக்கிய ‘மிஷன் 90 டேஸ்’ என்று பக்கத்து மொழிகள் பேசியபோது, குற்றம் நடந்த மண்ணின் திரை ஏறக்குறைய மௌனமாகவே இருந்தது. இணையத் தளங்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை என்பதால் அந்த மௌனம் இப்போது கலைந்திருக்கிறது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கட்சி மேடைகளில் மட்டும் பேசப்பட்ட ஒரு வழக்கை, இளைய தலைமுறை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பார்த்துக் கேள்வி கேட்கிறது. ஆனால் அப்படிப் பார்ப்பவர்களில் பலருக்கு இந்தத் தொடர்தான் முதல் பாடம், பலருக்குக் கடைசிப் பாடமும் அதுவே. அதனால் அந்தப் பாடத்தில் எது விட்டுப்போயிருக்கிறது என்று கேட்பது வீண் குறைகூறல் ஆகாது.

விட்டுப்போனது, யாருடைய கண்ணால் பார்க்கிறோம் என்ற கேள்வியில் தொடங்குகிறது. மூல நூல், விசாரணைக் குழுவினரோடு நெருங்கிப் பழகிய ஒரு நிருபரின் நூல். அதிகாரிகள் அறிந்ததை அறிந்து, அவர்கள் ஐயப்பட்டதை ஐயப்பட்டு எழுதப்பட்டது. அதில் தவறில்லை. ஆனால் அந்தக் குழுவுக்குள்ளேயே ஒரே கதை இருக்கவில்லை. கார்த்திகேயனும் ராதாவினோத் ராஜுவும் சேர்ந்து 2004-ல் எழுதிய நூலுக்கு ‘வாய்மையின் வெற்றி’ என்று பொருள்படத் தலைப்பிட்டார்கள். அதே குழுவின் ரகோத்தமன் பிற்காலத்தில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதிய நூல்களில், அன்றைய கூட்டத்தின் வீடியோ பதிவு ஒன்று விசாரணைக்கு வராமல் மறைக்கப்பட்டது என்றும், சிலர் விசாரிக்கப்படாமலே விடப்பட்டார்கள் என்றும் குற்றஞ்சாட்டினார். பாதுகாப்புக் குறைபாட்டை ஆராய வர்மா ஆணையம், சதியை ஆராய ஜெயின் ஆணையம் என்று இரண்டு விசாரணை ஆணையங்கள் அமைந்தன. ஜெயின் ஆணையத்தின் இடைக்கால அறிக்கையால் 1997-ல் குஜ்ரால் அரசே கவிழ்ந்தது. அதிகாரிகளுக்குள்ளேயே இத்தனை முரண்பாடு இருக்கும் வழக்கில், ஒரு நூலை மட்டும் பிடித்துக்கொண்டு போகும் தொடர் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிவு வழக்கில் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஆகஸ்ட் 20-க்குப் பிறகு நடந்தவற்றைப் பார்த்தால் கேள்வி இன்னும் கனக்கிறது. 1992 மே மாதம் 41 பேர்மீது குற்றப்பத்திரிகை தாக்கலானது. அவர்களில் 12 பேர் ஏற்கெனவே இறந்திருந்தார்கள், புலிகளின் தலைவர் பிரபாகரன் உள்ளிட்ட மூவர் தலைமறைவு, 26 பேர் கூண்டில் ஏறினார்கள். பயங்கரவாத வழக்குகளுக்கான பூந்தமல்லி தடா நீதிமன்றத்தில் மூடிய கதவுகளுக்குள் 288 சாட்சிகள் விசாரிக்கப்பட்டு, 1998 ஜனவரி 28 அன்று 26 பேருக்கும் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர்கூட மிச்சமில்லை. அடுத்த ஆண்டு மே 11 அன்று நீதிபதிகள் கே.டி. தாமஸ், டி.பி. வாத்வா, சையது ஷா முகம்மது குவாத்ரி ஆகியோரைக் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு தீர்ப்பளித்தபோது, 26 பேரில் 19 பேர் விடுதலையானார்கள். நளினி, முருகன், சாந்தன், பேரறிவாளன் ஆகிய நால்வரின் தூக்கு உறுதியானது. ராபர்ட் பயஸ், ஜெயக்குமார், ரவிச்சந்திரன் மூவருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. நளினியைத் தூக்கிலிட வேண்டியதில்லை என்று நீதிபதி தாமஸ் தனியாக எழுதினார். இந்தக் கொலை தடா சட்டத்தின் பொருளில் பயங்கரவாதச் செயலே இல்லை என்றும் அந்த அமர்வு சொன்னது. வேட்டையில் பிடிபட்டு முதல் நீதிமன்றத்தில் தூக்கு பெற்றவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் மேல் நீதிமன்றத்தில் வெளியே வந்தார்கள் என்றால், பிடிபடுவதோடு முடியும் கதை எந்த உண்மையைச் சொல்லி முடிக்கிறது?

ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்துப் பார்த்தால் இது இன்னும் விளங்கும். தடா சட்டத்தின் 15-ஆவது பிரிவு, காவல் கண்காணிப்பாளர் நிலை அதிகாரியிடம் தரும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்க வழிசெய்தது. சாதாரணச் சட்டத்தில் போலீஸிடம் சொன்னது செல்லாது. இந்த வழக்கில் 17 பேரின் வாக்குமூலத்தைப் பதிவு செய்தவர் வி. தியாகராஜன் என்ற அதிகாரி. தடா பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகும், அந்தச் சட்டத்தின்கீழ் வாங்கிய வாக்குமூலங்கள் மட்டும் சாட்சியமாகவே நின்றன. பத்தொன்பது வயதில் கைதான பேரறிவாளன் இரண்டு 9 வோல்ட் பேட்டரிகள் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீதான முக்கியக் குற்றச்சாட்டு. அந்தப் பேட்டரி எதற்கென்று தனக்குத் தெரியாது என்று அவர் சொன்னதைத் தான் எழுதவில்லை என்று 2013-ல் தியாகராஜன் வெளிப்படையாகச் சொன்னார். 2017-ல் உச்ச நீதிமன்றத்திலேயே பிரமாணப் பத்திரமாகவும் தந்தார். ஒரு மனிதன் சொன்னதில் பாதி எழுதப்பட்டது, பாதி விடப்பட்டது. எழுதிய பாதி தூக்குமேடை வாசல்வரை கொண்டுபோனது. கருணை மனுவில் நேர்ந்த தாமதத்தைக் காரணம் காட்டி 2014-ல் தூக்கு ஆயுளானது. 2022 மே 18-ல் பேரறிவாளனும், நவம்பர் 11-ல் மற்ற ஆறு பேரும் விடுதலையானார்கள். ஏழு பேரும் சிறையில் கழித்த காலம் 31 ஆண்டுகள். புலன்விசாரணை நாடகத்தின் உச்சக் காட்சி எப்போதும் ‘உண்மையைச் சொல்லிவிட்டான்’ என்பதுதான். அந்த அறையில் சொன்னதற்கும் எழுதியதற்கும் நடுவே என்ன நடந்தது என்பது, பல ஆண்டுகள் கழித்து வேறொரு அறையில்தான் தெரிய வருகிறது.

தொடரின் பெயரே வேட்டை, நூலின் பெயரே தொண்ணூறு நாட்கள், எடுத்துக்கொண்ட எல்லைக்குள் நேர்மையாக இருக்கிறார்களா என்றுதானே பார்க்க வேண்டும் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. எந்தக் கதைக்கும் தொடக்கமும் முடிவும் வேண்டும். ஆனால் எல்லை போடுவது என்பது நிலத்தை அளப்பதோடு நிற்பதில்லை, அதன் உரிமையாளர் யாரென்றும் அது தீர்மானித்துவிடுகிறது. குற்ற வழக்கு ஒன்றை முதல் மூன்று மாதங்களில் நிறுத்தினால், அதில் பேசுபவர்கள் போலீஸார் மட்டும்தான். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் இன்னும் வந்திருக்க மாட்டார், குறுக்கு விசாரணை நடந்திருக்காது, நீதிபதி ஐயம் எழுப்பியிருக்க மாட்டார். இது ராஜீவ் வழக்குக்கு மட்டும் உரியதில்லை. அரியலூர்ப் பக்கத்து வழக்கொன்று இதைப் பளிச்சென்று காட்டும்.

1993 மார்ச் மாதம், விருத்தாசலத்தை அடுத்த முதனை கிராமத்தைச் சேர்ந்த ராசாக்கண்ணு நகைத் திருட்டுச் சந்தேகத்தில் கம்மாபுரம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்டார். அவர் தப்பி ஓடிவிட்டார் என்பது காவல் நிலையத்தின் பதிவு. மாவட்ட எல்லைக்கு அப்பால், இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டி காவல் எல்லையில் ஓர் அடையாளம் தெரியாத பிணம் கிடந்தது. அப்போது மீன்சுருட்டி திருச்சி மாவட்டத்தில் இருந்தது. ஒரு நிலையத்தில் ‘தப்பி ஓடிய கைதி’, பக்கத்து நிலையத்தில் ‘அடையாளம் தெரியாத உடல்’. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய அவசியம் காவல்துறைக்கு வரவில்லை. அவருடைய மனைவி சென்னை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்டு, அப்போது வழக்கறிஞராக இருந்த சந்துரு வாதாடிய பிறகுதான் இரண்டும் ஒரே மனிதன் என்பதும், அவர் காவல் நிலையத்தில் அடித்துக் கொல்லப்பட்டார் என்பதும் வெளியே வந்தன. கடைசியில் காவலர்கள் தண்டிக்கப்பட்டார்கள். இந்த வழக்கின் முதல் தொண்ணூறு நாட்களை மட்டும், காவல் நிலைய ஆவணங்களை வைத்து, மிக நேர்மையாக ஒரு தொடராக எடுத்தால் என்ன வரும்? தப்பி ஓடிய ஒரு திருடனைத் தேடும் வேட்டை வரும். ஒவ்வொரு காட்சிக்கும் ஆதாரம் இருக்கும், மொத்தக் கதையும் பொய்யாக இருக்கும்.

நீதிமன்றம் என்றால் தேதி தள்ளிப்போடுவதும் தடித்த கோப்புகளும்தானே, அதை யார் பார்ப்பார்கள் என்பது தயாரிப்பாளர்கள் சொல்லக்கூடிய மறுப்பு. அதற்கும் இதே வழக்கில் பதில் இருக்கிறது. ராசாக்கண்ணு வழக்கை அடிப்படையாக வைத்து த.செ. ஞானவேல் இயக்கிய ‘ஜெய் பீம்’ 2021-ல் நேரடியாக இணையத்தில் வெளியானது. படத்தின் பெரும்பகுதி நீதிமன்றத்தில்தான் நடக்கிறது. வருகைப் பதிவேடு, தொலைபேசி அழைப்பு, சாட்சியின் முரண்பாடு ஆகியவற்றையே சண்டைக் காட்சிபோல ஆக்கிக் காட்டினார்கள், ஊரே பார்த்தது. அந்தப் படமும் குறையில்லாதது கிடையாது. உண்மையில் பாதிக்கப்பட்டவர் குறவர் சமூகத்தவர். படம் அவரை இருளராக ஆக்கியது. உதவி ஆய்வாளர் வீட்டுச் சுவரில் தொங்கிய ஒரு நாட்காட்டியின் சின்னம் ஒரு சமூகத்தைக் குற்றவாளியாகக் காட்டுகிறது என்று வட மாவட்டங்களில் எழுந்த கொந்தளிப்பில், அந்தக் காட்சியே மாற்றப்பட்டது. உண்மைக் குற்றத்தை நாடகமாக்கும்போது சுவரில் மாட்டும் பொருளுக்குக்கூடப் பொறுப்பேற்க வேண்டியிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும், நீதிமன்றம் சலிப்பூட்டும் என்ற சாக்கை அந்தப் படம் ஒழித்துக்கட்டிவிட்டது.

சட்டச் சிக்கல் வரும், உயிரோடு இருப்பவர்கள் வழக்குப் போடுவார்கள் என்பது இன்னொரு தயக்கம். இதிலும் வழிகாட்டும் தீர்ப்பு தமிழ்நாட்டுக் குற்ற வழக்கொன்றிலிருந்துதான் வந்தது. ஆறு கொலைகளுக்காகத் தூக்குத்தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் எழுதிய தன்வரலாற்றை ‘நக்கீரன்’ வெளியிடப்போவதாக அறிவித்தபோது, அதில் உயர் அதிகாரிகளின் பெயர்கள் வரும் என்பதால் சிறைத்துறை தடுக்கப் பார்த்தது. 1994 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம், வெளியீட்டுக்கு முன்பே தடைபோடும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்றது. ஒருவரின் தனிவாழ்க்கை அவருக்கே உரியது. ஆனால் நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் பதிவானதை யாருடைய அனுமதியும் இல்லாமல் எழுதலாம் என்றும் சொன்னது. பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களுக்கு ஆளான பெண்களின் பெயருக்கு மட்டும் விலக்கு அளித்தது. ஆட்டோ சங்கர் 1995-ல் சேலம் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அவர் வாழ்க்கை 2019-ல் ஜீ5 தளத்தில் தொடராகவும் வந்துவிட்டது. ஆக, ராஜீவ் வழக்கின் 1999 தீர்ப்பும், அதில் எடுத்தாளப்பட்ட சாட்சியங்களும், தியாகராஜனின் பிரமாணப் பத்திரமும் சட்டப்படி திறந்தே கிடக்கின்றன. நிருபரின் நூலைவிட அவைதான் பாதுகாப்பான மூலம்.

மறுப்புகளிலேயே கனமானது கடைசி ஒன்று. தண்டனை பெற்றவர்களின் பக்கத்தையும் காட்டு என்பது, செத்தவர்களைக் கொச்சைப்படுத்துவது ஆகாதா? ஸ்ரீபெரும்புதூரில் பிள்ளையையும் கணவனையும் பறிகொடுத்த குடும்பங்கள் எழுவர் விடுதலையைக் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வேட்டைக் கதை அவர்களுக்கு என்ன இடம் கொடுக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹரிபாபு எடுத்த அந்தப் புகழ்பெற்ற படத்தில், மாலையோடு நிற்கும் தணுவுக்குப் பக்கத்தில் ராஜீவ் முன்னால் கவிதை வாசிக்கக் காத்திருந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும் இருக்கிறார்கள். இருவரும் அன்றிரவு இறந்துபோனார்கள். விசாரணைக்கு வேண்டியது தணுவின் முகம். ஆகவே படம் வெட்டப்பட்டு, பெரிதாக்கப்பட்டு, தாளில் அச்சாகிறது. வேட்டையின் தருக்கம் அந்தச் சிறுமியைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது. யார் செத்தார்கள், எப்படிச் செத்தார்கள், அவர்களுடைய வீட்டார் என்ன சொன்னார்கள் என்பது சாட்சிக் கூண்டில் ஏறிச் சொல்லப்படும் விஷயம். நீதிமன்றத்தைக் கதைக்குள் கொண்டுவந்தால் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு மட்டும் குரல் கிடைக்கும் என்பது தவறான கணக்கு. செத்தவர்களின் குடும்பத்துக்கும் அங்கேதான் குரல் கிடைக்கிறது. தீர்ப்பும் ஒருபக்கமாக இல்லை. சதி நடந்தது, புலிகள் செய்தார்கள், எழுவருக்கு அதில் பங்கிருந்தது என்பதை அதே உச்ச நீதிமன்றம்தான் உறுதி செய்தது.

போலீஸ் பக்கம் நின்று சொன்னதுதான் கோளாறு, எதிர்ப்பக்கம் நின்றிருந்தால் சரியாகியிருக்கும் என்றும் நினைத்துவிடக் கூடாது. சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் 2004 அக்டோபர் 18 அன்று சுட்டுக்கொல்லப்பட்ட பிறகு, 2007-ல் மக்கள் தொலைக்காட்சி வ. கௌதமன் இயக்கத்தில் ‘சந்தனக்காடு’ தொடரை ஒளிபரப்பியது. வீரப்பனாக நடித்தவர் கராத்தே ராஜா. அவரைத் தேடிய அதிரடிப்படையின் முகாம்களில் மலைக் கிராமத்து மக்கள் பட்ட சித்திரவதையை வீட்டுத் திரைக்குக் கொண்டுவந்தது அந்தத் தொடரின் மறக்க முடியாத பங்களிப்பு. ஆனால் அங்கே பார்வை வீரப்பன் பக்கம் சாய்ந்து, அவரால் செத்த காவலர்களும் வனத்துறை ஊழியர்களும் காட்டிக்கொடுத்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஊர்க்காரர்களும் ஓரத்துக்குப் போனார்கள். இதில் வேடிக்கை, தங்கள் குடும்ப வாழ்க்கையைத் திரையில் காட்டக் கூடாது என்று அந்தத் தொடருக்கு எதிராக நீதிமன்றம் போனவர் வீரப்பனின் மனைவி முத்துலட்சுமி. அரசுச் சார்போ, அரசு எதிர்ப்போ, ஒரே சன்னல் வழியாகப் பார்த்தால் தெருவின் ஒரு பாதிதான் தெரியும். ‘தி ஹன்ட்’ தொடரின் குறையும் ‘சந்தனக்காடு’ தொடரின் குறையும் எதிரெதிர் திசையில் இருந்தாலும், வேர் ஒன்றுதான்.

ஆகவே ‘தி ஹன்ட்’ பார்க்கத் தகாத தொடர் என்று யாரும் ஒதுக்க வேண்டியதில்லை. நல்ல நடிப்பும் நிதானமும் கொண்ட, ஆரவாரமில்லாத வேலை அது. அதை மத்திய புலனாய்வுத் துறையின் ஒரு குழு எழுதிய நாட்குறிப்பாகப் பார்ப்பதுதான் முறை. வழக்கின் வரலாறாக எடுத்துக்கொள்வது பிசகு. உண்மைக் குற்றத்தை எடுக்க நினைக்கும் தமிழ்ப் படைப்பாளிகளுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் எளிமையானது: கைதோடு முடிக்காதீர்கள். குற்றப்பத்திரிகையில் எழுதியது நீதிமன்றத்தில் நின்றதா, வாக்குமூலம் நின்றதா, விடுதலையானவர்கள் எத்தனை பேர், அவர்கள் இழந்த ஆண்டுகள் எத்தனை, செத்தவர்களின் வீட்டாருக்கு யார் பதில் சொன்னார்கள் என்று கேட்கும் ஒரு பகுதியாவது இருக்கட்டும். பார்வையாளரும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளலாம். எந்தத் தொடரைப் பார்த்து முடித்தாலும், மேல் நீதிமன்றத்தில் இந்த வழக்கு என்ன ஆனது என்று ஒரு முறை தேடிப் பார்ப்பது. தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பூந்தமல்லியில் 26 பேருக்குத் தூக்கு என்று கேட்ட நாளில் வழக்கு முடிந்தது என்றுதான் நாட்டில் பாதிப்பேர் நினைத்தார்கள். அடுத்த பதினாறு மாதங்களில் 19 பேர் சிறை வாசலைத் தாண்டி வெளியே வந்தார்கள். அவர்களில் ஒருவரின் கதையைக்கூட இன்னும் யாரும் தொடராக எடுத்ததாகத் தெரியவில்லை.